பெங்காலிக் கூட்டில் கோல்டியன்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உக்கடம் ஜாபர் பாய் குருவிக் கடையிலிருந்து கோல்டியன் ஜோடி வந்தது. ஆணுக்குச் சிவப்புத் தலை. நெஞ்சு கத்தரிப்பூ நிறம், வயிறு மஞ்சள், முதுகு பச்சை, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே வெளிர்நீலத்தில் ஒரு பட்டை. பெட்டைக்கும் அதே நிறங்கள்தான், நாலைந்து முறை துவைத்து வெளுத்த மாதிரி. இவ்வளவு நிறம் ஒரு குருவிக்கு எதற்கு என்று தெரியவில்லை. படித்துப் பார்க்க வேண்டும்.

பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வடக்கு. வெயில் கொளுத்தும் புல்வெளி. புல்விதை தின்னும், மரப்பொந்தில் முட்டையிடும். இந்த ஜோடி அங்கே பிறந்ததில்லை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டுதான். குளிர் ஆகாது. எங்கள் வீடு கணபதிப் பகுதியில் மாடிப் போர்ஷன். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. சூடு போதும்.

அனுசுயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நெசக் கலருங்களா, அடிச்சு உட்டதுங்களா?” என்றாள். நெசம் என்றேன். சரி என்று இறங்கிப் போய்விட்டாள். கீழே சாந்தாமணி அண்ணி பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பாப்பா பிறந்து ஐந்து வாரம். அனுசுயாவுக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு என் அண்ணன் வீட்டிலிருந்து, புளியம்பட்டியிலிருந்து, அண்ணி வந்திருக்கிறார்.

பாப்பாவுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. அனுசுயா நீங்களே வையுங்கள் என்கிறாள். அப்புறம் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஐந்து முட்டை. சுண்டுவிரல் நுனி அளவு, வெள்ளை. கூட்டுப்பெட்டி நான் பிளைவுட்டில் செய்தது, மேல்மூடிக்குக் கீல் வைத்திருக்கிறேன். ஷிப்டுக்குப் போகும் முன் திறந்து பார்க்கிறேன், வந்ததும் பார்க்கிறேன், சாப்பிட்டதும் ஒரு தடவை. முட்டைக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நூல் போல நரம்பு தெரிகிறது. ஐந்தில் நாலுக்கு நரம்பு இருக்கிறது. இன்னொன்று வெறும் முட்டை.

அனுசுயா பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என்ன பண்ணுது என்று கேட்டால் “ஒண்ணும் பண்ணலீங்க” என்கிறாள். கம்பெனியில் எனக்கு மோட்டார் டெஸ்டிங் வேலை. சப்ளை வருகிறது, வைண்டிங் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் எங்கோ ஓரிடத்தில் கோளாறு இருந்தே தீரும். ஒன்றும் பண்ணவில்லை என்று மோட்டார் படுத்துக்கொள்ளாது. இதை அவளிடமே சொன்னேன். சரிங்க என்றாள்.

ஆகஸ்ட் 31, சனி

காலையிலிருந்து பெட்டை முட்டையில் உட்காரவில்லை. ஆணும் உள்ளே போகவில்லை. முட்டை தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஜாபர் பாயைக் கூப்பிட்டேன்.

“எத்தன தடவ தொறந்து பாத்தீங்க?”

சொன்னேன்.

“ஏன் தம்பி, உங்க வீட்டுக் கதவ ஒருத்தன் தெனம் மூணுவாட்டி தொறந்து டார்ச்சு அடிச்சிட்டுப் போனா நீங்க குடும்பம் நடத்துவீங்களா?”

“செக் பண்ணாம எப்படி பாய் தெரியும்?”

“தெரியாட்டிப் போவுது. குஞ்சு வந்தா சத்தம் கேக்கும், அப்பத் தெரிஞ்சாப் போதும். சரி விடுங்க, முட்டையில உக்காந்திருக்குற பெங்காலி ஒரு ஜோடி பெட்டியோட தாரேன். மாத்திப் போடுங்க. எல்லாரும் அதான் பண்றோம். கோல்டியன நம்பி எவன் குஞ்சு எடுக்குறான்?”

பெங்காலி என்பது பழுப்பும் வெள்ளையும் கலந்த சின்னக் குருவி. எந்தக் காட்டிலும் கிடையாது, சில்லைக் குருவியைக் கூண்டில் வளர்த்து வளர்த்து மனிதன் உண்டாக்கியது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் எதன் முட்டையை வைத்தாலும் அடைகாக்கும், எதன் குஞ்சு வாய் திறந்தாலும் ஊட்டும். அதனால் எல்லா வளர்ப்பவர்களும் கோல்டியன் முட்டையை அதனிடம் தள்ளிவிடுகிறார்கள். கோல்டியன் அடைகாப்பதையே மறந்துகொண்டு வருகிறது. யாருக்கும் அதைப்பற்றிக் கவலை இல்லை, குஞ்சு வந்தால் சரி.

சாயங்காலம் போய் வாங்கிவந்தேன். பெங்காலியின் சொந்த முட்டைகளை எடுத்துப்போட்டுவிட்டு இவற்றை வைத்தேன். கால் மணி நேரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சுலபம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அண்ணி ஊருக்குப் போனார். பையன்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம், அண்ணனால் சமாளிக்க முடியவில்லை. செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அவள நெம்ப நேரம் தனியா உடாதீங்க. மூஞ்சி செரியில்ல. டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

செப்டம்பர் 3, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு இந்த மனச்சோர்வு வரும், சரியாகிவிடும் என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், சொல்ல முடியாது என்றார். இது ஒரு பதிலா? மாத்திரை எழுதிக்கொடுத்தார், தூக்கம் வரும். “கூட இருங்க, அதட்டாதீங்க” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அதட்டுவதில்லை. கேட்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஷிப்டு முடிந்து வரும்போது தெருமுனையிலேயே அழுகை கேட்டது. பாப்பா சமையலறைத் தரையில், விரிப்புகூட இல்லாமல் கிடந்தது. நாப்கின் நனைந்து ஆறிப்போயிருந்தது. சமையலறைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. அனுசுயா மாடியில், கூண்டு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன பண்ணீட்டிருக்கற?”

“என்கிட்ட இருந்தா அதுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்க. அதான் தாப்பாப் போட்டுட்டு இங்க வந்துட்டேன்.”

அண்ணிக்குப் போன் செய்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை பஸ்ஸில் அண்ணி வந்து பாப்பாவை எடுத்துக்கொண்டு போனார். பால்பவுடர் டப்பா, பாட்டில், துணி எல்லாம் நேற்றே கட்டி வைத்துவிட்டேன். மூன்று மாதம் போதும் என்று பேச்சு. அனுசுயா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். “எழுப்பிச் சொல்லீரலாமுங்களா தம்பி?” என்று அண்ணி கேட்டார். வேண்டாம் என்றேன். எழுப்பினால் அழுகை, பஸ் போய்விடும்.

பத்து மணிக்கு எழுந்து வந்து தொட்டிலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 7, சனி

அனுசுயாவின் ஜாக்கெட் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று குஞ்சு பொரிந்துவிட்டது. நரம்பு தெரிந்த நாலில் ஒன்று பொரியவில்லை. முடியே இல்லாத இளஞ்சிவப்புச் சதை, மூடிய கண். பெங்காலி இரண்டும் மாறி மாறி ஊட்டுகின்றன.

செப்டம்பர் 14, சனி

பெட்டியைப் பெங்காலியிடம் திறந்தால் தவறில்லை, அது கோபித்துக்கொள்வதில்லை. திறந்தேன். அனுசுயாவும் மேலே வந்தாள், இந்த வாரத்தில் முதல் தடவையாக.

குஞ்சு வாய் திறந்தபோது வாயின் இரண்டு மூலையிலும் நீலமாக மணி மணியாக மின்னியது. எரிகிற விளக்கு இல்லை, பெட்டிக்குள் நுழைகிற கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற சதை மணிகள். பொந்து இருட்டில் வாய் எங்கே இருக்கிறதென்று தாய் தகப்பனுக்குக் காட்டுவதற்கு. பெரிதானதும் மங்கிவிடும்.

“அதுக்கு ஆரு அம்மான்னு தெரியுமுங்களா?” என்றாள்.

“பசிச்சா வாயத் தொறக்கும். ஆரு ஊட்டறாங்கன்னு பாக்காது.”

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாயிற்று, மூடிவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

குஞ்சுகள் பெட்டியை விட்டு வந்துவிட்டன. மூன்றும் சாம்பல் கலந்த பச்சை, ஒரு நிறமும் இல்லை. நிறம் வர மாதக்கணக்காகும். பெங்காலி ஆணின் பின்னாலேயே தத்தித் தத்திப் போகின்றன. அது பாடும்போது மூன்றும் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அலகுக்கே காதை வைத்த மாதிரி கேட்கின்றன. பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது.

சொந்தத் தகப்பன் அடுத்த கூண்டில்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அண்ணி வீடியோ கால் போட்டார். பாப்பா நன்றாகச் சதை வைத்திருக்கிறது. அங்கே சின்னு என்று கூப்பிடுகிறார்கள். அழுதால் அண்ணி நாக்கை மேலண்ணத்தில் தட்டி டொக், டொக் என்று சத்தம் போட்டு “சின்னூ… ஏ சின்னு” என்று இழுக்கிறார். உடனே நின்றுவிடுகிறது. நல்ல முறை. அனுசுயா போனை வாங்கிப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது திரை ஈரமாக இருந்தது, துடைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு அனுசுயா முறுக்கு சுட்டாள். நானே எதிர்பார்க்கவில்லை. குளித்து, தலை பின்னி, மாடிக்குப் போய் தினை மாற்றி, தண்ணீர் வைத்துவிட்டு வருகிறாள். மாத்திரை வேலை செய்கிறது. டாக்டரும் அளவைக் குறைத்தார்.

“பாப்பாவ எப்பங்க கூட்டியாறது?”

இரு, முழுசாகச் சரியாகட்டும் என்றேன். அண்ணியிடம் கேட்டால் அவரும் அதையேதான் சொல்கிறார்: “இப்ப வந்து பாத்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் ஏங்கிப் போயிரும் தம்பி. பல்லு மொளைக்கட்டும், பனிக்காலம் போகட்டும்.” நியாயமாகத்தான் படுகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

மூன்றில் ஒன்று நிச்சயமாக ஆண். நெஞ்சில் கத்தரிப்பூ நிறம் திட்டுத்திட்டாக வருகிறது, கன்னத்தில் சிவப்புப் புள்ளி. இன்று பாடியது. தொண்டை உப்பி, தலையை ஆட்டி, கம்பியில் எம்பி எம்பி.

பாட்டு கோல்டியன் பாட்டு இல்லை. கோல்டியன் பாட்டு மிக மெல்லியது, காதை வைத்தால்தான் கேட்கும், விசிலும் கரகரப்பும் கலந்து ஓடும். இது பெங்காலி பாட்டு. பெங்காலி ஆணின் அதே கீச்சொலி, அதே இடத்தில் நிறுத்தம். கண்ணை மூடிக்கொண்டால் பழுப்புக் குருவி பாடுகிறது என்றே சொல்வேன்.

ஜாபர் பாய் சிரித்தார். “எவன் வளத்தானோ அவன் பாட்டுத்தான் தம்பி வரும். வாங்குறவன் கலரத்தான் பாப்பான், பாட்டு யாரு கேக்குறா?”

“மாத்த முடியாதா பாய்?”

“சின்னதுல காதுல ஏறினது. மாறாது.”

டிசம்பர் 15, ஞாயிறு

மாறாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இளசைக் கொண்டுபோய் அதன் தகப்பன் கூண்டோடு ஒட்டி வைத்தேன். யூடியூபில் கோல்டியன் பாட்டு எடுத்து, சின்ன ஸ்பீக்கர் கட்டி, காலை மாலை டைமர் போட்டு ஓட விட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. ஸ்பீக்கர் பாடும்போது அது தினை தின்கிறது. ஸ்பீக்கர் நின்றதும் பெங்காலி பாட்டைப் பாடுகிறது.

ஜாபர் பாயிடமிருந்து இன்னொரு கோல்டியன் பெட்டை கொண்டுவந்து எதிரே விட்டேன். ஆண் எம்பிப் பாடியது. பெட்டை ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கூண்டின் அடுத்த மூலைக்குப் போய்விட்டது.

அனுசுயா படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “அது கெட்டுப்போச்சுங்களா?” என்று கேட்டாள். குருவி வேறு, மனுசக் குழந்தை வேறு என்றேன். நான் குருவியைத்தானே கேட்டேன் என்றாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். புளியம்பட்டி போய்வந்தோம்.

அனுசுயா புதுச்சேலை கட்டி, பாப்பாவுக்குச் சட்டை, கிலுகிலுப்பை எல்லாம் வாங்கி வந்திருந்தாள். வாசலிலேயே கையை நீட்டினாள். பாப்பா அண்ணியின் இடுப்பிலிருந்து ஒரு நொடி பார்த்தது. பிறகு முகம் கோணி, அலறி, அண்ணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அண்ணி வலுக்கட்டாயமாக அனுசுயாவின் கையில் கொடுத்தார். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. மூச்சு நின்றுபோகும் போல இருந்தது. அண்ணியின் பக்கம் கையை நீட்டியது. அண்ணி டொக், டொக் என்றார். உடனே நின்றது. தாவிப் போய்விட்டது.

அனுசுயாவின் கைகள் நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தன.

“புது மொகமல்ல, அதான்” என்றார் அண்ணன். “இன்னொரு வருசம் இங்கயே இருக்கட்டும்டா. ஒண்ணும் கொறஞ்சு போகாது.”

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நானாத் தம்பி கேட்டேன்? நீங்கதான் துணியெல்லாம் மூட்டை கட்டிக் கையில குடுத்தீங்க. மூணு மாசமுன்னீங்க. இப்ப என்னையப் போயி அது அம்மாங்குதுன்னா, நான் என்ன அத அடிச்சாத் தொரத்தறது?”

வாங்கிவந்த கிலுகிலுப்பையைப் பையிலேயே திருப்பி வைத்தேன்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள் அனுசுயா. அண்ணியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். “அக்கா, அத எப்படிப் பண்றீங்க? இன்னொருக்காப் பண்ணுங்க.”

“எதக் கண்ணு?”

“அந்தச் சத்தம்.”

அண்ணி வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். அனுசுயா செய்தாள். வரவில்லை, சளசளவென்று இருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நாக்க ஒட்டீட்டு இழுக்கோணும். ஆடு தண்ணி குடிக்கறாப்பல இருக்குது உன்றது.”

பிப்ரவரி பிறந்ததும் கொண்டுவந்து விடுவதாக அண்ணி சொன்னார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

டொக், டொக். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, கூண்டு கழுவும்போது. இடையிடையே அண்ணிக்குப் போன் போட்டு இது சரியா என்று கேட்கிறாள். “கடசீல இழுக்கறது இன்னும் கொஞ்சம் மெதுவாக் கண்ணு” என்று ஸ்பீக்கரில் அண்ணி சொல்கிறார். இரண்டு பேரும் போனில் மாறி மாறிச் சின்னூ, ஏ சின்னு என்கிறார்கள். டிவி பார்க்க முடியவில்லை.

இது வேலை செய்யும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சொன்னேன். ஸ்பீக்கர் கட்டினீங்களே, அதுக்கு இருந்துச்சுங்களா என்றாள்.

ஜனவரி 28, செவ்வாய்

தொட்டில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்: “அன்னிக்கு நான் முழிச்சுத்தான் இருந்தேனுங்க. அக்கா எழுப்பலாமான்னு கேட்டாங்க. நீங்க வேண்டாம்னீங்க. நானும் எந்திரிக்கல.”

கயிற்றைக் கட்டி முடித்தேன். மேலே போய்த் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவினேன். கழுவியதையே இன்னொரு தடவை கழுவினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதினொரு மணிக்கு அண்ணி பாப்பாவுடன் வந்தார். சாப்பிட்டு, தூங்கவைத்து, தொட்டிலில் போட்டு, தன் பழைய சேலை ஒன்றை அதன் மேல் போர்த்தினார். “இந்த வாசம் இருந்தாத் தூங்கும்.” அனுசுயாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பையை எடுத்தார்.

“முழிக்கட்டும் அண்ணி, பாத்துட்டுப் போங்க” என்றேன்.

“வேண்டாந் தம்பி. முழிச்சுதுன்னா என்னால போக முடியாது.”

பஸ் ஸ்டாப் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

மூன்று மணிக்குப் பாப்பா விழித்தது. படுத்தபடியே ஒவ்வொரு மூலையாகப் பார்த்தது. பிறகு தொடங்கியது.

காய்ச்சல் இல்லை. நாப்கின் காய்ந்திருக்கிறது. பால் கொடுத்தால் பாட்டிலைத் தள்ளிவிடுகிறது. கிலுகிலுப்பை, மின்விசிறி, செல்போனில் வண்டிச் சத்தம், தோளில் போட்டு நடை. வண்டியில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றினேன், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அழுது அழுது குரல் கம்மி, கம்மிய குரலிலேயே அழுதது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அண்ணிக்குப் போன் போடுகிறேன், வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றேன். போனை எடுத்தும்விட்டேன்.

அனுசுயா பாப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “நீங்க மாடிக்குப் போங்க.”

“நானும் கூட இருந்தா—”

“நீங்க தொறந்து தொறந்து பாப்பீங்க. போங்க.”

மேலே போனேன். வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். இளசுக்கு நிறம் முக்கால்வாசி வந்துவிட்டது, வெயிலில் கண் கூசுகிறது. எனக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை, எம்பி எம்பிப் பெங்காலி பாட்டைப் பாடியது. கீழே அழுகை. அது பாடி நிறுத்துகிற இடைவெளியிலெல்லாம் அழுகை கேட்டது.

அப்புறம் டொக், டொக். “சின்னூ… ஏ சின்னு.”

அண்ணி திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிட்டார் என்று எழுந்து வேகமாகப் படி இறங்கினேன். அழுகை நின்றிருந்தது.

வாசலில் அண்ணியின் செருப்பு இல்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் தெரிந்தது: அனுசுயா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பாப்பா, இரண்டு பேரையும் சுற்றி அண்ணியின் பழைய சேலை. பாப்பா தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தது. சமையலறைப் பக்கம் பார்த்தது. அண்ணியைத் தேடுகிறது. கீழுதடு பிதுங்கியது. அனுசுயா அவசரப்படவில்லை. மறுபடி டொக், டொக். பாப்பா தேடுவதை நிறுத்தி, சத்தம் வருகிற இடத்தைப் பார்த்தது. அவள் வாயை. கையைத் தூக்கி அந்த வாயைத் தொட்டது. உதடு இன்னும் பிதுங்கியபடியேதான் இருந்தது.

என் கை கதவில் இருந்தது. எடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

இதை எழுதும் இந்த நேரம் கீழே ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டதா, அழுது ஓய்ந்துவிட்டதா, தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.